‘நங்கநல்லூர் வீடு’ குரூப், வெள்ளிக்கிழமை ராத்திரி

கார்த்தி: யாராவது முழிச்சிருக்கீங்களா? பாப்பாவுக்கு பாஸ்போர்ட் ஃபார்ம் போட்டுட்டிருக்கேன். கிவன் நேம் ஆதிரா. சர்நேம் கட்டத்துல என்ன போடறது?

ரேவதி அத்தை: கா. ஆதிரா. அவ்ளோதானே.

கார்த்தி: இனிஷியல் எடுத்துக்காது அத்தை. விரிச்சு எழுதணும்.

ரேவதி அத்தை: அப்ப காலியா விடு. நமக்கு ஏதுடா சர்நேமு.

சேகர் சித்தப்பா: டேய் விட்டுடாதே!! என் கதை தெரியும்ல?

திவ்யா: எனக்குத் தெரியாது சின்ன மாமா, சொல்லுங்க.

சேகர் சித்தப்பா: முதல்ல என் பாஸ்போர்ட்ல வெறும் சேகர்தான்மா. சர்நேம் காலி. அமெரிக்க விசா அடிக்கும்போது சேகரைத் தூக்கி சர்நேம்ல போட்டுட்டு, முதல் பேர் இடத்துல ‘எஃப்.என்.யூ’ன்னு போட்டுட்டான். முதல் பேர் தெரியலைன்னு அர்த்தம். பேங்க் கார்டு, லைசென்ஸ் எல்லாத்துலயும் அதே ஒட்டிக்கிச்சு. பல் டாக்டர்கிட்ட போனா அந்தம்மா “மிஸ்டர் ஃப்னூ, மிஸ்டர் ஃப்னூ”ன்னு நாலு தடவை கூப்பிடுது. நான் யாரையோன்னு பேப்பர் படிச்சிட்டிருக்கேன்.

திவ்யா: 😂😂

சேகர் சித்தப்பா: அப்பறம் மாத்தி அப்பா பேரை சர்நேமாப் போட்டேன். இப்ப ஆபீஸ்ல நான் மிஸ்டர் குப்புசாமி. அரக்கோணம் தாண்டாத மனுஷன், நியூஜெர்சில தினம் மீட்டிங்ல உக்காந்திருக்காரு.

மூர்த்தி பெரியப்பா: செஸ் ஆனந்துக்கும் இதே கதைதான். விஸ்வநாதன் அவங்கப்பா பேரு. வெளிநாட்டுல செல்லமா ‘விஷி’ன்னு கூப்பிடறாங்களே, அது அப்பாவைக் கூப்பிடறது.

அப்பா: 👍

திவ்யா: என்னோடதுல முருகேசன், கார்த்தியோடதுல இளங்கோ, பாப்பாவுக்கு கார்த்திக். ஒரு வீட்டுக்குள்ள மூணு சர்நேம். ஏர்போர்ட்ல இது யார் குழந்தைன்னு கேக்க மாட்டாங்களா?

மூர்த்தி பெரியப்பா: ஐஸ்லாந்துல வீட்டுக்கு வீடு அப்படித்தாம்மா. நம்ம இனிஷியல் அங்க பின்னாடி நிக்குது. மகனா இருந்தா ‘சொன்’, மகளா இருந்தா ‘தோத்திர்’. 1980ல ஜனாதிபதியானாங்களே விக்திஸ் ஃபின்போகதோத்திர், ஃபின்போகியோட மகள்னு அர்த்தம். டெலிபோன் டைரக்டரியே முதல் பேர் வரிசைதான். பர்மாலயும் குடும்பப் பேர் வழக்கம் இல்ல. ஐ.நா. பொதுச்செயலாளரா இருந்த ஊ தாண்ட்டுக்குப் பேரு வெறும் தாண்ட். ‘ஊ’ன்னா ஐயா.

ரேவதி அத்தை: வடக்கே எல்லாருக்கும் இருக்கே, நமக்கு மட்டும் ஏன் இல்ல?

மூர்த்தி பெரியப்பா: இல்லாம என்ன? பீரோவுல எங்க தாத்தா வீட்டுப் பத்திரம் இருக்கு, எடுத்துப் பாரு. பேருக்குப் பின்னாடி சாதிப் பட்டம் நீட்டா இருக்கும். 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல அதை விடணும்னு தீர்மானம் போட்டாங்க. தலைமை சௌந்தரபாண்டியன். நீ வாரா வாரம் போறியே பாண்டி பஜார், அது அவர் பேருதான்.

ரேவதி அத்தை: இத்தனை வருஷம் பாண்டிச்சேரின்னுல்ல நினைச்சேன் 🙈

பாட்டி: 🎤 குரல் பதிவு, 1:12
“மல்லிகா இதைப் படிச்சுக் காட்டினா. டேய் கார்த்தி, தாத்தாவுக்கு முன்னாடி பொறந்த ரெண்டும் தங்கல. அதான் மூணாவதைக் குப்பைமேட்டுல போட்டு, பக்கத்து வீட்டுக்காரி முறத்துல எடுத்துட்டு வர, தவிட்டைக் குடுத்துத் திருப்பி வாங்கி அந்தப் பேரை வச்சாங்க. எமன் பாத்தாலும் குப்பைன்னு விட்டுட்டுப் போயிடுவானாம். ஜாதகத்துல உனக்கும் அதே பேருதான். பேரன்னா சும்மாவா, பேரை எடுத்துக்கறவன்டா. ஆனா நான் அதை எப்பிடி வாயால சொல்லுவேன்? கேஸ்காரன் கேட்டாலே புக்கைத்தான் நீட்டுவேன். அதான் கார்த்தின்னு கூப்பிட்டேன், ஸ்கூல்லயும் அதையே எழுதிட்டாங்க.”

கார்த்தி: பாட்டி! அப்ப நான் குப்புசாமியா?!

சேகர் சித்தப்பா: வாடா ஜூனியர்.

மூர்த்தி பெரியப்பா: அம்மா சொல்றது நிஜம். பெயரன்தான் பேரன், பெயர்த்திதான் பேத்தி. சி.வி. ராமனோட அப்பா சந்திரசேகர ஐயர். ராமனோட அண்ணன் மகனுக்கு அந்தத் தாத்தா பேரை வச்சாங்க. அவர்தான் 1983ல நோபல் வாங்கின எஸ். சந்திரசேகர். அவர் பேர்ல நாசா 1999ல ‘சந்திரா’ தொலைநோக்கியை அனுப்பிச்சு. அந்தத் தாத்தா பேரு வானத்துல சுத்திட்டிருக்கு.

பாட்டி: 🎤 குரல் பதிவு, 0:14
“அப்ப பாப்பாவுக்கும் மல்லிகா பேரை வைங்க. அவதானே பாட்டி.”

திவ்யா: வைக்கலாம் பாட்டி. ஆனா “ஏய் மல்லிகா, செருப்பை வாயில வைக்காதே”ன்னு நான் கத்தினா அத்தைக்கு ஓகேவா?

அம்மா: நான் கோயிலுக்குப் போயிருக்கறப்ப கத்திக்கோம்மா.

கார்த்தி: சர்நேம் கார்த்திக்னு போட்டு சேவ் அமுக்கினேன். ரொம்ப நேரமாச்சுன்னு லாக் அவுட் ஆயிடுச்சு. மறுபடி முதல்ல இருந்து.

அப்பா: 👍