பெயர் மாறிய ஹார்ட் டிஸ்க்: உங்கள் அனுபவம் என்ன?

கும்பகோணத்திலிருந்து:

எங்கள் குடும்பத்தின் தொழில் போட்டோ ஸ்டூடியோ. படங்களைச் சேமிக்கும் கணினி லினக்ஸில் ஓடுகிறது. இயங்குதளத்துக்குத் தனி டிஸ்க்; படங்களுக்கு ஒரே அளவில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். லினக்ஸ் அவற்றுக்குக் கொடுத்த பெயர்கள் எஸ்டிபி, எஸ்டிசி. எஸ்டிபி என்பது மூல டிஸ்க், எஸ்டிசி என்பது நகல் டிஸ்க் என்று, எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் எனச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் நான்தான் எழுதி வைத்தேன். இரவு 11 மணிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் ஓடும். மூலத்தில் புதிதாக இருப்பதை நகலில் சேர்க்கும். மூலத்தில் இல்லாததை நகலிலிருந்து அழிக்கும். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

போன கார்த்திகையில் வலங்கைமான் பக்கம் ஒரு திருமணம். முகூர்த்தப் படங்களை மதியம் கணினியில் ஏற்றிவிட்டு, மாலை வரவேற்புக்காக மெமரி கார்டுகளைக் காலி செய்துவிட்டோம். சாயங்காலம் பிடித்த மழையில் மின்சாரம் போனது. யுபிஎஸ்ஸும் தீர்ந்து கணினி அணைந்தது. 10.45க்கு மின்சாரம் வந்ததும் மறுபடி இயக்கினேன்.

லினக்ஸின் மையமான கெர்னல், டிஸ்க்குகளைக் கண்ட வரிசையில் பெயர் கொடுக்கும். இந்த முறை அது நகல் டிஸ்க்கை முதலில் கண்டுவிட்டது. ஆகவே நகல் எஸ்டிபி ஆனது, மூலம் எஸ்டிசி ஆனது. முந்தின நாள் வரைக்கும் இரண்டிலும் ஒரே படங்கள்தான் என்பதால், திறந்து பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. 11 மணிக்கு ஆர்சிங்க் நகலையே மூலம் என்று எடுத்துக்கொண்டு, உண்மையான மூலத்திலிருந்து முகூர்த்தப் படங்கள் அத்தனையையும் அழித்தது.

மறுநாள் காலையில் தெரிந்ததும் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல் கழற்றி, போட்டோரெக் என்ற மீட்பு நிரலைக் கொண்டு மீட்டேன். அது படத்தை மீட்கும், கோப்பின் பெயரை மீட்காது. எஃப் என்ற எழுத்தும் நீளமான எண்ணுமாகப் பழைய படங்களும் புதிய படங்களும் கலந்து வந்து விழுந்தன. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதித்திருந்த நேரத்தைக் கொண்டு இரண்டு இரவு உட்கார்ந்து வரிசைப்படுத்திப் பெயரிட்டேன். 47 படங்கள் வரவேயில்லை. மாலை மாற்றும் படம் ஒன்றில் மணப்பெண்ணின் முகம் வரை தெளிவாக இருக்கிறது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். பெண்ணின் தந்தையிடம் அப்பாதான் போய்ச் சொன்னார். நான் வாசலிலேயே நின்றேன்.

எஸ்டிபி என்பது ரேஷன் கடை வரிசையில் கிடைக்கிற இடம் மாதிரி. இன்று இரண்டாவதாக நிற்பவர் நாளை மூன்றாவதாக நிற்கலாம். குடும்ப அட்டையின் எண் மாறாது அல்லவா, டிஸ்க் விஷயத்தில் அந்த எண் யூயூஐடி. பிளாக்ஐடி கட்டளை கொடுத்தால் காட்டும். எஃப்எஸ்டேப்பில் இப்போது அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில், டிஸ்க்குகள் கோப்புகளாகத் தெரியும் டெவ் அடைவுக்குள் போய் கோப்பின் பெயரையே மாற்றிப் பார்த்தேன். மறுபடி இயக்கியதும் பழையபடி ஆகிவிட்டது. அந்த அடைவு நினைவகத்தில் இருப்பது, ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாவது. நமக்குப் பிடித்த பெயர் வேண்டுமென்றால், அந்த அடைவைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரலுக்கு விதி எழுதி, டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் பிடித்து, கூடுதலாக ஓர் இணைப்புப் பெயர் வைக்கலாம். கெர்னல் கொடுத்த பெயர் அப்படியே இருக்கும், நம் பெயர் அதைச் சுட்டும். இன்னொன்றும் செய்தேன். மூலத்தில் ஒரு சிறிய அடையாளக் கோப்பு, நகலில் வேறொன்று. இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தால்தான் ஆர்சிங்க் தொடங்கும்.

மன்னார்குடியிலிருந்து:

உங்கள் பதிவைப் படித்ததும் வயிறு கலங்கியது. யூயூஐடியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் அதில் விழுந்தவன். அரிசி ஆலைக் கணக்கு இருந்த டிஸ்க்கை டிடி கட்டளையால் அப்படியே புது டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். யூயூஐடியும் சேர்ந்து நகலாகிவிட்டது. இரண்டையும் மாட்டியே வைத்திருந்ததில், ஒரு வாரக் கணக்கு பழைய டிஸ்க்கில் ஏறியிருந்தது. டிஸ்க்கின் கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ் என்றால் இரண்டாவதை மவுண்ட் செய்யவே, அதாவது இணைக்கவே, மறுத்துவிடும், என்னுடையது இஎக்ஸ்டி4. டிடி முடிந்த கையோடு, மவுண்ட் செய்யும் முன்பே, டியூன்2எஃப்எஸ் கட்டளையால் நகலுக்கு வேறு யூயூஐடி கொடுத்துவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

நான் சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் இயங்குதளக் காலத்து ஆள். அங்கே டிஸ்க்குக்கு சி1டி0டி0எஸ்0 என்று பெயர் இருக்கும். கன்ட்ரோலர், டார்கெட், டிஸ்க், ஸ்லைஸ் என்று வாசிக்க வேண்டும். பெயரைப் பார்த்தே எந்தக் கேபிள் என்று சொல்லிவிடலாம். ஆனால் கழற்றிய டிஸ்க்கின் இணைப்புப் பெயர்கள் டெவ் அடைவில் அப்படியே கிடக்கும். கல்லூரி ஆய்வகத்தில் இல்லாத டிஸ்க் ஒன்றைத் தேடி அரை நாள் போனது. டெவ்எஃப்எஸ்ஆடெம் கட்டளையைப் பெரிய சி குறியோடு கொடுத்தபின்தான் செத்த இணைப்புகள் நீங்கின.

கும்பகோணத்திலிருந்து:

மன்னார்குடி அண்ணா, நல்ல வேளையாகச் சொன்னீர்கள். மீட்பதற்கு முன்னால் அந்த டிஸ்க்கை நானும் டிடியால்தான் நகலெடுத்தேன். அந்த நகல் இப்போது அலமாரியில் இருக்கிறது. இன்றைக்கே எடுத்து யூயூஐடியை மாற்றிவிடுகிறேன்.