இரட்டைத் தூண் இருந்தால் போதுமாம்! ஐவர் ஜான்சன் .32 ரிவால்வர் வாங்குவோர் கவனத்துக்கு

பழைய இரும்பு:
பக்கத்துத் திரியில் ஒரு அருள்வாக்கு: "ஐவர் ஜான்சன் சேஃப்டி ஆட்டோமேட்டிக் .32 வாங்கும்போது மேல் லாட்சை (மடித்துத் திறக்கும் பேரலைப் பூட்டும் தாழ்) மட்டும் பாருங்கள். அது பற்றிக்கொள்ளும் தூண் இரண்டு இருந்தால் புகையில்லா மருந்துக்கான மாடல். கடைத் தோட்டாவைத் தாராளமாகப் போடலாம்." கீழே நன்றி மழை வேறு.

ஒற்றைத் தூண் முதல் மாடல், 1894 முதல் 1896 வரை. இரட்டைத் தூண் இரண்டாம் மாடலிலேயே வந்துவிட்டது, 1897 முதல் 1908 வரை. அதுவும் கருமருந்துக்கு, அதாவது பழைய காலத்துப் புகை கக்கும் வெடிமருந்துக்குச் செய்ததுதான். புகையில்லா மருந்துக்கென்று மாற்றிச் செய்தது 1909-ல் வந்த மூன்றாம் மாடல். அதிலும் இரட்டைத் தூண்தான். தூணை எண்ணி முதல் மாடலை ஒதுக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

பார்க்க வேண்டியது சிலிண்டரை. மடித்துத் திறந்து ஐந்து அறையும் காலி என்று பாருங்கள். மூடுங்கள். ஹாமர் இறங்கியிருக்கும்போது சிலிண்டரை விரலால் தள்ளுங்கள். இஷ்டத்துக்குச் சுற்றினால் பழசு. பூட்டி நின்றால் மூன்றாம் மாடல்.

நிக்கல் ராசா:
அந்த அருள்வாக்கு சொன்னவன் நான்தான். பெயரைப் போட்டே எழுதியிருக்கலாமே, என்ன தயக்கம்?

மூன்றாம் மாடலில் இரட்டைத் தூண் உண்டா இல்லையா? உண்டு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் சொன்னதும் அதுதான். உங்கள் சிலிண்டர் சோதனைக்கு வருவோம். நூறு வருடப் பழைய துப்பாக்கியில் சிலிண்டரைப் பிடித்து நிறுத்தும் ஸ்டாப் தேய்ந்திருக்கும், அதன் ஸ்பிரிங் உடைந்திருக்கும். அப்போது மூன்றாம் மாடலும்தான் சுற்றும். தூண் தேயாது சார்.

பழைய இரும்பு:
"மூன்றாம் மாடலில் இரண்டு தூண் உண்டு" என்பது வேறு, "இரண்டு தூண் இருந்தால் மூன்றாம் மாடல்" என்பது வேறு.

ஸ்டாப் உடைந்ததால் சுற்றுகிறது என்றால் அது எந்த மாடலானாலும் சுடத் தகுதியில்லாதது. கருமருந்து விலைக்குக் கேளுங்கள். சந்தேகம் தீரவில்லையா, கைப்பிடித் திருகாணியைக் கழற்றுங்கள். உள்ளே தட்டையான பட்டை ஸ்பிரிங் என்றால் முதல் அல்லது இரண்டாம் மாடல். சுருள் ஸ்பிரிங் என்றால் மூன்றாவது. இதில் தேய்மானம், உடைசல் என்று சாக்குச் சொல்ல முடியாது.

கொக்கி:
கைப்பிடியில் ஆந்தைத் தலை இருந்தால் அசல் ஐவர் ஜான்சன்தானே? அதை வைத்து மாடல் சொல்ல முடியாதா?

பழைய இரும்பு:
ஆந்தை கம்பெனிச் சின்னம். ஆனால் கைப்பிடியை ஒரே திருகாணிதான் பிடித்திருக்கிறது. உடைந்தால் இன்னொரு துப்பாக்கியினுடையதை எடுத்து மாட்டிவிடுவார்கள். ஆந்தை சாட்சி சொல்லாது. இன்னொன்று, அது கெட்டி ரப்பர். வயதாகி நொறுங்கும் நிலையில் இருக்கும். திருகாணியை எடுத்ததும் நெம்பாதீர்கள், கீழ்ப்பக்கம் விள்ளிவிடும். திரும்பப் பூட்டும்போது இறுக்கினாலும் விரிசல்தான்.

நிக்கல் ராசா:
ஆக, துப்பாக்கிச் சந்தையில் விற்பவர் மேசையில் வைத்துத் திருகாணியைக் கழற்ற வேண்டும், ஆனால் நெம்பக் கூடாது, இறுக்கவும் கூடாது. எந்த விற்பனையாளர் விடுவார்? லாட்ச் கண்ணெதிரே இருக்கிறது. இரண்டு தூண். முடிந்தது.

தோட்டா விஷயத்திலும் வீண் பயம் காட்டுகிறார். இந்தத் துப்பாக்கிக்கான தோட்டா .32 எஸ் அண்டு டபிள்யூ. இன்று கடையில் வருவது புகையில்லா மருந்துதான், ஆனால் பழைய துப்பாக்கிகளை நினைத்தே மெலிதாக நிரப்புகிறார்கள்.

பழைய இரும்பு:
மெலிது என்பது உச்ச அழுத்தத்தைப் பற்றிய பேச்சு. கருமருந்து மெதுவாகத் தள்ளும், புகையில்லா மருந்து சட்டென்று உச்சிக்குப் போகும். அந்த அடியை வாங்குவது லாட்சும் கீலும். வாங்கும் முன் ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் பேரல் என்று பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்றால் வைத்துவிடுங்கள். பிறகு சிலிண்டரை விரலால் லேசாக அழுத்திக்கொண்டே ஹாமரை மெதுவாக இழுங்கள். ஹாமர் முழுதாக நின்ற பிறகும் சிலிண்டர் இன்னும் கொஞ்சம் நகர்ந்துதான் பூட்டுகிறது என்றால், சிலிண்டரைச் சுற்றும் தள்ளுகொக்கியோ, குப்பியை வெளியே தள்ளும் எஜெக்டரின் பின்பக்கப் பற்களோ தேய்ந்துவிட்டன. தோட்டா நேராக பேரலுக்குள் போகாது, ஓரத்தைச் செதுக்கிக்கொண்டு போகும்.

உங்கள் இரண்டு தூணும் இதில் எதையும் சொல்லாது.

புதுசு_32:
பெயரில் ஆட்டோமேட்டிக் என்று இருப்பதால் .32 ஏசிபி (தானியங்கிப் பிஸ்டலுக்கான தோட்டா) போடலாமா? அறைக்குள் போகிறது என்கிறார்கள்.

பழைய இரும்பு:
போடாதீர்கள். ஆட்டோமேட்டிக் என்பது மடித்துத் திறக்கும்போது வெற்றுக் குப்பிகளைத் தானே வெளியே தள்ளுவதற்கு வைத்த பெயர்.  .32 எஸ் அண்டு டபிள்யூவைவிட ஏசிபியின் அழுத்தம் அதிகம். உள்ளே போவதுதான் ஆபத்தே. .32 லாங் தோட்டாவும் இந்தச் சின்னத் துப்பாக்கியின் சிலிண்டரில் நிற்காது, நீளம் அதிகம்.

கொக்கி:
ஒருவர் 1896-ல் செய்தது, ஆன்டிக், காகிதம் வேண்டாம் என்று விற்கிறார். பேரல் மேலேயே 96 என்று பொறித்திருக்கிறது. நிக்கல் பளபள, ட்ரிகர் கார்டு (விசையைச் சுற்றிய வளையம்) வரை.

பழைய இரும்பு:
96 என்பது காப்புரிமை வாங்கிய வருடம். கூடவே 86, 87 என்றும் இருக்கும், அதைச் சொல்ல மாட்டார். 1968 அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்ததுதான் ஆன்டிக். அதற்கு இடது கைப்பிடிக்கு அடியில் உள்ள வரிசை எண்ணும் அதன் முன்னெழுத்தும் வேண்டும். மாநிலச் சட்டம் தனி.

ட்ரிகர் கார்டும் பளபளவா? நிக்கல் துப்பாக்கியிலும் கம்பெனி கார்டை நீலமாகத்தான் விட்டது. அதுவும் நிக்கல் என்றால் யாரோ பிறகு முலாம் போட்டிருக்கிறார்கள். முலாமுக்கு முன் தேய்த்த தேய்ப்பில் எழுத்து மழுங்கியிருக்கும், பாருங்கள்.

நிக்கல் ராசா:
வந்துவிட்டது என் பெயர் மேல் குத்தல். போன மாதம் ஹாரிங்டன் ரிச்சர்ட்சன் என்ற இன்னொரு துப்பாக்கிக் கம்பெனியின் திரியிலும் இதே நீலக் கார்டுப் புராணம்தான். நல்ல முலாம் துருவைத் தடுக்கும். எல்லோருக்கும் சொறி பிடித்த இரும்புதான் பிடிக்கும் என்றில்லை.

பழைய இரும்பு:
சொறியின் மேல் முலாம் போட்டால் சொறி போய்விடுமா? குழி உள்ளேயே இருக்கும், ஓரத்திலிருந்து உரியும். அந்தத் திரியிலும் கடைசிவரை நீங்கள் படம் போடவில்லை.

கொக்கி:
அந்த விற்பனையாளர் இன்னொன்றும் சொல்கிறார். 1901-ல் பஃபலோவில் அமெரிக்க அதிபர் மெக்கின்லியைச் சுட்டது இதே மாடலாம், அதனால் நூறு டாலர் கூடுதலாம்.

பழைய இரும்பு:
சுட்டது ஐவர் ஜான்சன் .32 என்பது உண்மை. சுட்ட சோல்கோஷ் அதற்குக் கொடுத்த விலை நாலரை டாலர். லட்சக்கணக்கில் விற்ற சரக்கு, அதற்கு நூறு டாலர் கூடுதலா?

புதுசு_32:
ஆக, இரட்டைத் தூண் இருந்தால் வாங்கலாமா, வேண்டாமா?

நிக்கல் ராசா:
வாங்குங்கள். இரண்டு தூண் இருக்கிறதல்லவா?

பழைய இரும்பு:
ராசா, உங்கள் கையில் இருப்பது மூன்றாம் மாடல் என்றால் கைப்பிடியைக் கழற்றி ஸ்பிரிங் படம் ஒன்று போடுங்கள். சுருளா பட்டையா, ஒரு நிமிட வேலை.

நிக்கல் ராசா:
லாட்ச் படம் போட்டிருக்கிறேன். பெரிதாக்கிப் பார்க்கவும். இரண்டு தூண்.

பழைய இரும்பு:
ஸ்பிரிங் படம் கேட்டேன்.

நிக்கல் ராசா:
நெம்பக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.