லட்ச ரூபாய்க் காசோடு வந்தவர்கள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

திருச்சி

"ஒரு காசு இருக்கு, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று ஆரம்பிப்பவரைச் சந்திக்காத சேகரிப்பாளர் யாராவது இங்கே உண்டா? எனக்கு மாதம் ஒருவராவது வந்துவிடுகிறார்.

போன வாரம் வந்தவர் எங்கள் தெருவில் இஸ்திரி போடும் தம்பி. சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் மடித்த காகிதம், அதற்குள் வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய். "அண்ணே, இது பத்து லட்சம் போகுதாம், வீடியோ பாத்தேன்." அந்தக் கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012-இல் வந்த காசு அது. ஐந்து ரூபாயிலும் உண்டு, பத்து ரூபாயிலும் உண்டு. காசு வியாபாரியிடம் போனால் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். சில்லறையில்கூட எப்போதாவது வரும்.

வீடியோவில் இருந்த எண்ணுக்கு அவர் ஏற்கெனவே பேசிவிட்டார். வாங்குவதாகச் சொன்ன ஆள் ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறான். பதிவுக் கட்டணம் கட்டினால் பணம் அன்றைக்கே கணக்கில் ஏறிவிடுமாம். நல்லவேளை, சம்பளம் வந்ததும் கட்டலாம் என்று இருந்தார். பழைய காசு, நோட்டு விற்பதிலோ வாங்குவதிலோ தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது. அதைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க விலையைக் குறைச்சுச் சொல்லி வாங்கப் பாக்கலையே அண்ணே?" என்றார்.

வருகிற எல்லாருக்கும் மனசுக்குள் இந்தக் கேள்வி இருக்கும். இவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். என் டப்பாவைத் திறந்து அதே காசு மூன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன். அப்புறம்தான் சிரித்தார்.

உங்களிடம் வந்தவர்களைப் பற்றி எழுதுங்கள்.

கோவை

லட்சம் இருக்கட்டும். பத்து ரூபாய்க் காசைப் பத்து ரூபாய்க்கே வாங்க மாட்டேன் என்கிற மளிகைக்கடை அண்ணாச்சியை என்ன செய்வது? "ரூபாய்க் குறி இல்லை, அதனால செல்லாது" என்கிறார். அந்தக் குறி காசுகளில் வந்ததே 2011-இல்தான், அதற்கு முந்தைய காசில் எப்படி இருக்கும்? பத்து ரூபாயில் பதினான்கு வடிவங்கள் வந்திருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் சொன்னதை போனில் எடுத்துக் காட்டினேன். அண்ணாச்சி படித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் செல்லும், மொத்தக் கடைக்காரன் வாங்க மாட்டானே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கரூர்

எங்கள் ஊரில் லட்சக் கதை வேறு மாதிரி. இங்கே நிஜமாகவே காசு கிடைக்கும்.

அமராவதி ஆற்றில் தண்ணீர் வற்றினால் மணல் அரிக்க ஆட்கள் இறங்குவார்கள். அவர்களில் ஒரு பெரியவர் எனக்குப் பழக்கம். பச்சை ஏறிய சின்னக் கட்டி ஒன்றை விரல் நுனியில் உருட்டிப் பார்த்து, "இதுல வில்லு இருக்கும் பாருங்க தம்பி" என்பார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொறுமையாகச் சுத்தம் செய்தால் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும் தெரியும். சங்க காலச் சேரர் காசு. தேய்ந்துபோன ரோமானியச் செப்புக் காசையும் அப்படித்தான் சொல்வார்: "இது நம்ம ஊருது இல்ல, தலை போட்டது." படித்தவர் இல்லை. எடையும் ஓரமும் விரலுக்குப் பழகிவிட்டன.

இதே ஊரில் இன்னொரு ஆளையும் சந்தித்தேன். பெருவழுதி என்ற பாண்டிய மன்னன் பெயர் பொறித்த காசை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் வெளிக்கொண்டு வந்தபிறகு, தமிழி (பழந்தமிழ் பிராமி) எழுத்துள்ள காசு என்றால் தனி மவுசு வந்துவிட்டது. மவுசு வந்த இடத்துக்குப் போலியும் வந்துசேரும். அந்த ஆள் ஒரு சிவப்புத் துணியை விரித்து, சேர மன்னன் முகமும் 'மாக்கோதை' என்ற பெயரும் போட்ட வெள்ளிக்காசு ஐந்தை வரிசையாக வைத்தார். ஆற்றில் ஒரே இடத்தில் கிடைத்ததாம். லென்ஸை எடுத்துப் பார்த்தேன். முதல் காசில் மூக்குக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. இரண்டாவது காசிலும் மூக்குக்குக் கீழே அதே வெட்டு. மூன்றாவதிலும்! ஒரே காசை அச்சாக வைத்து வார்த்திருக்கிறார்கள். அடித்த காசில் எழுத்தின் விளிம்பு வெடுக்கென்று நிற்கும். வார்த்த காசில் அது மழுங்கி, சோப்புத் தேய்ந்ததுபோல இருக்கும், மேலே ஊசிக்குத்து மாதிரி காற்றுக்குமிழித் துளைகளும் தெரியும். ஓரத்தைச் சுற்றி மெல்லிய தழும்பு ஓடினால் முடிந்தது விஷயம். "அஞ்சும் ஒரே நாள்ல ஒரே இடத்துல கீழ விழுந்து அடிபட்டுச்சா?" என்று கேட்டேன். துணியை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மண்ணுக்குள் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் வருடச் சட்டம், இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆனால் அரிக்கிற பெரியவரைக் குறை சொல்வதற்கு முன்னால், லாரி லாரியாக மணல் போனதையும் கணக்கில் எடுங்கள். அந்த மணலோடு போன காசு எந்தக் கட்டடத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கிறதோ!

தேனி

எங்கள் வீட்டில் நடந்தது. சித்தப்பா ஒருநாள் ரகசியக் குரலில் அப்பாவைக் கூப்பிட்டு, "அண்ணா, ஒரு அயிட்டம் வந்திருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இரிடியம், ரைஸ் புல்லிங் என்று, அரிசியை இழுக்கும் அதிசயக் காசு காட்டி ஏமாற்றுகிற கும்பல். நான் காசு சேர்க்கிறவள் என்று தெரிந்தும் என்னை அழைக்கவில்லை. நானாகத்தான் கிளம்பிப் போனேன்.

லாட்ஜ் ரூமில் இரண்டு பேர். ஒருவர் கோட்டு போட்டிருந்தார், தேனி வெயிலில்! மேசைமேல் செம்புக்காசு. ஒரு பக்கம் அனுமார், மறுபக்கம் ஆங்கிலத்தில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818. இடி விழுந்து சக்தி ஏறிய காசு, விண்வெளி ஆராய்ச்சிக்குக் கோடிக்கணக்கில் வாங்குகிறார்கள், சோதனை செய்ய வருகிற விஞ்ஞானியின் செலவுக்கு மட்டும் முன்பணம் வேண்டும் என்றார்கள். தட்டில் கொஞ்சம் அரிசியைக் கொட்டிக் காசைப் பக்கத்தில் கொண்டுபோனார் கோட்டுக்காரர். நாலைந்து அரிசி நகர்ந்து போய் ஒட்டியது. சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, "இது எங்க வீட்டு அரிசி. இதுல ஒருதடவை காட்டுங்க சார்" என்றேன். கோட்டுக்காரர் வாட்சைப் பார்த்தார். "இப்ப ராகுகாலம் ஆரம்பிச்சிருச்சு, ஒருநாளைக்கு ஒருதடவைதான் இழுக்கும்" என்றார். அரிசியில் இரும்புத்தூள் ஏற்றி, காசுக்கு அடியில் காந்தம் வைக்கிற வித்தை இது. தட்டிலிருந்த அரிசியில் ரெண்டை எடுக்கப் போனேன், தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரேமாதிரி காசு கொண்டுவந்தது 1835-இல். அனுமார், ராமர் பட்டாபிஷேகம், தாமரை என்று 1616, 1717, 1818 போன்ற வருடங்களோடு சுற்றுகிற அணாக்களெல்லாம் பிற்காலத்தில் பூஜைக்கும் விற்பனைக்கும் அடித்த வில்லைகள். திருவிழாக் கடையில் கிடைக்கும்.

சித்தப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பணம் தப்பித்ததைவிட, கோடி கைநழுவியதுதான் அவருக்கு வருத்தம்.

திருச்சி

தேனிச் சகோதரிக்கு ஒரு சபாஷ். ஒரு சின்னத் திருத்தம் மட்டும். கம்பெனி சாமி உருவமே போட்டதில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மெட்ராஸில் பெருமாள், இரு தேவியர் நிற்கும் 'மூன்று சாமி' வராகனை அடித்தார்கள். ஆனால் அது பொன், அளவில் சின்னது. அதில் இங்கிலீஷில் அரை அணா என்றெல்லாம் இருக்காது.

புதுக்கோட்டை

விற்க வராத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தபோது, அந்த வீட்டு ஆச்சி பேத்தியோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார். சோழி இல்லை, புளியங்கொட்டை இல்லை. குழிக்குள் விழுகிற சத்தமே வேறாக இருந்தது. குனிந்து பார்த்தால் அத்தனையும் அம்மன் காசு!

தெரியாதவர்களுக்கு: புதுக்கோட்டை சமஸ்தானத்தின் செப்புக்காசு. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு சேர்த்து இதையும் தானமாகக் கொடுப்பார்கள். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, காசும் கதையாகிவிட்டது. ஆச்சியின் மாமியார் காலத்தில் வாங்கிச் சேர்த்தவையாம் இவை.

ஒவ்வொரு வருடமும் சரஸ்வதி பூஜைக்கு முதல்நாள் புளி போட்டு விளக்குவாராம். அதனால் எல்லாம் புதுப் பாத்திரம்போலப் பளபளவென்று இருந்தன. அம்மனின் முகம் இருந்த இடம் வெறும் மேடு. செம்பில் காலம் ஏற்றுகிற அந்தப் பழுப்புப் படலம்தான் காசைக் காப்பாற்றும், சேகரிப்பவர்களும் அதற்குத்தான் விலை தருவார்கள், புளி அதையும் அரித்து எழுத்தையும் அரித்துவிடும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அம்மனை அழுக்கோடவா வெச்சிருக்கச் சொல்றே?" என்றார் ஆச்சி. சரி, அவர் சேகரிப்பவர் இல்லை, கும்பிடுகிறவர். எனக்கு விலைக்குத் தருவீர்களா என்று கேட்டதற்கு, "ஆட்டத்துல குறையும்" என்று மறுத்துவிட்டார். அம்மன் காசு பெரிய விலைக்குப் போவதில்லை. ஆனாலும் அந்த 'இல்லை'யை நான் ரசித்தேன்.

கோலாலம்பூர்

சுருக்கமாக. செட்டிநாட்டுப் பக்கமிருந்து தெரிந்தவர் மூலம் ஒருவர் போட்டோ அனுப்பினார். பழைய டிரங்குப் பெட்டியில், யுத்தத்தில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் அடித்த பத்து டாலர் நோட்டு கட்டுக்கட்டாக. இங்கே வங்கியில் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். படத்தில் வாழை மரமும் ஓரத்தில் எம் எழுத்தும் தெரிந்தன. எம் என்றால் மலாயா, பி என்றால் பர்மா. 1942 முதல் 1945 வரைதான் அதற்கு உயிர். ஜப்பான் தோற்ற அன்றே வெறும் காகிதம். எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் இதை வாழைமர நோட்டு என்றே சொல்வார்கள். கடைசி மாதங்களில் அரிசி வாங்கக் கட்டுக்கட்டாகச் சுமந்து போன கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதையே அவருக்கும் சொன்னேன். "அப்ப எங்க ஐயா ஏன் இத்தனை வருஷம் பூட்டி வெச்சிருந்தாக?" என்று கேட்டார் பாவம்.

சேலம்

எல்லாரும் ஒன்றுக்கும் உதவாததை லட்சம் என்று நினைத்தவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் ஊரில் நேர்மாறு. இங்கே கொலுசுப் பட்டறைகள் அதிகம். வீட்டிலிருக்கும் பழைய வெள்ளி ரூபாயை எடைக்குப் போட்டுவிட்டுப் போவார்கள், அது உருக்கு மூசைக்குள் போய்விடும். என்ன காசு, எந்த வருடம் என்று யாரும் பார்ப்பதில்லை.

பழக்கமான ஆசாரி கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மா வந்தார். மகளுக்குக் கொலுசு வேண்டும், அதற்காக மாமியார் கொடுத்த ரூபாய்களைக் கொண்டு வந்திருக்கிறார். ஆசாரி காந்தத்தை எடுத்தார். ஒன்று டக்கென்று ஒட்டியது, 1947. அது நிக்கல், புலி போட்டது. இன்னும் சிலதைத் தனியே ஒதுக்கினார். 1940-இலிருந்து யுத்த காலத்தில் அடித்தவை, பாதிதான் வெள்ளி. மிச்சமெல்லாம் நல்ல வெள்ளி, ஒவ்வொன்றும் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். சிலதில் காசுமாலைக்கு வைத்த வளையத்தைப் பற்றவைத்த தழும்பு இருந்தது. அவற்றைச் சேகரிப்பவர்கள் தொட மாட்டார்கள், எடைக்குப் போவதில் நஷ்டமில்லை.

"நான் ஒருதடவை பாத்துக்கட்டுங்களாம்மா?" என்று கேட்டு வாங்கினேன். விக்டோரியா நிறைய. 1862 என்று இருந்தால் குதிக்க வேண்டாம், அந்த ஒரே வருடத்தைப் போட்டே பல ஆண்டுகள் அடித்தார்கள். அப்புறம் ஐந்தாம் ஜார்ஜ். வருடத்தைத் திருப்பிப் பார்த்தால் 1911.

லென்ஸை மன்னரின் மார்புக்குக் கொண்டுபோனேன். மேலங்கிச் சங்கிலியில் தொங்கும் யானைக்குத் துதிக்கை சின்னதாக, பன்றி மூக்குபோல இருந்தது. அந்தக் காலத்திலேயே இதைப் பன்றி என்று மக்கள் எடுத்துக்கொண்டு பெரிய சலசலப்பாகி, அரசாங்கம் காசைத் திரும்ப வாங்கி உருக்கியது. தப்பித்தவைதான் இன்று கிடைப்பவை. பன்றி ரூபாய் என்றே இதற்குப் பெயர். லட்சமெல்லாம் இல்லை. ஆனால் வெள்ளி எடைக்கு மேலேயே தர ஆள் இருக்கிறது.

அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆசாரியிடம் திரும்பி, "இவரு யாருங்க?" என்றார். ஆசாரி எனக்காகப் பேசினார். கடைசியில் அந்த ஒன்றை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு, மற்றதை எடைக்குப் போட்டார். அடுத்த வாரம் மகனோடு வந்தார். இரண்டு வியாபாரிகளிடம் விலை கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கூடுதலாகச் சொன்னவரிடம் விற்கச் சொன்னேன், விற்றார்கள்.

கோவை

சேலத்துக்காரரே, என்னிடம் 1912 ஒன்று இருக்கிறதே?

சேலம்

1912-இல் யானையைச் சரிசெய்துவிட்டார்கள். வெள்ளி விலைதான்.