கடற்கரைக் குடியிருப்புக்குத் தனி அங்கன்வாடி: ஆதரவு திரட்டுவது எப்படி?

கேள்வி: ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடையில் ஒரு மீனவர் குடியிருப்பு. பக்கத்து ஊர் மையத்துக்கு ஈசிஆரை (கிழக்குக் கடற்கரைச் சாலை) தாண்டணும். பிள்ளைகளைத் தனியா அனுப்ப முடியாது. எங்கிருந்து தொடங்குவது?

பாசிக்கரை: முதலில் கணக்கு. ஆறு வயதுக்குட்பட்டவர்கள் 40 பேர் இருந்து மையம் இல்லையென்றால், கேட்ட மூன்று மாதத்துக்குள் தரணும் என்பது 13.12.2006 உச்ச நீதிமன்ற உத்தரவு. பட்டியலில் வீட்டு எண், பிள்ளை பெயர், பிறந்த தேதி, தாய் கையெழுத்து இருக்கணும். கூடவே தடுப்பூசி அட்டை நகல். மூன்று வயதுக்குக் கீழானவர்களை விட்டுவிடுவதுதான் வழக்கமான தப்பு, 40 அங்கேயே குறைந்துவிடும். காற்று மாறி வேறு கரைக்குத் தொழிலுக்குப் போன குடும்பங்களை ரேஷன் அட்டை முகவரி வைத்துச் சேருங்க.

வலைக்காரன்: கையெழுத்து மட்டும் போதாது அண்ணே, கிராம சபைத் தீர்மானம் வேணும். ஊராட்சியின் மக்கள்தொகை 501 முதல் 3000 வரை என்றால் 100 பேர் வரணும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போயிருப்பாங்க. சபைத் தேதியோ மாறாது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இரண்டையும் நாள்காட்டியில் பார்த்து, கடலுக்குப் போகாத நாளைப் பிடிங்க. தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்க. நகலைக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கணும்.

பாசிக்கரை: இடம் பற்றியும் ஒன்று. கடலோரப் புறம்போக்கைக் காட்டினால் கடலோரத்தில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதியில் சிக்கும். இப்போதைக்கு வாடகைக் கட்டடம் கேளுங்க. கழிப்பறையும் உப்பில்லாத குடிநீரும் இருக்கிற வீடா பாருங்க.