‘ஊட்டுநார்’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பெருங்குடல் பாக்டீரியாக்கள் தின்று நொதிக்க வைக்கும் நார்ச்சத்துக்கு (ஆங்கிலத்தில் fermentable fibre) தமிழ்ச்சொல்லாக ‘நொதிநார்’ முன்வைக்கப்பட்டிருக்கிறது. இலக்கணத்தில் பிழை இல்லை; குடிநீர், சுடுநீர் போல வினைத்தொகைதான். ஆனால் ‘நொதி’ என்றாலே என்சைம் என்று பாடநூல்களில் நிலைத்துவிட்டது. ‘நொதிநார்’ என்று படிக்கும் மாணவர் என்சைம் கலந்த நார் என்றே எடுத்துக்கொள்வார். உண்மை நேர் எதிர்: இந்த நாரை உடைக்கும் நொதி நம் உடலில் இல்லை. அதனால்தான் அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடல் வரை போகிறது. நொதித்தலைப் புளித்தல் என்றும் சொல்கிறோமே என்று ‘புளிநார்’ வைக்கவும் வேண்டாம். அது புளியம்பழத்து நார்.

பழகிய ‘கரையும் நார்’ போதுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. இசப்கோல் உமி தண்ணீரில் கூழாகிறது, ஆனால் பாக்டீரியாக்கள் அதை அதிகம் தொடுவதில்லை. செரிக்காமல் பெருங்குடலை எட்டும் மாவுச்சத்து கரைவதில்லை, அதை அவை நன்றாகவே தின்கின்றன. கரைவது ஒரு குணம், நொதிப்பது வேறொரு குணம்.

என் முன்மொழிவு ‘ஊட்டுநார்’. யாருக்கு ஊட்டுகிறது? முதலில் பாக்டீரியாக்களுக்கு. அவை நாரை உடைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை வெளிவிடுகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முதன்மையான எரிபொருளே பியூட்டிரேட்தான். ஆக நார் பாக்டீரியாவுக்கு ஊட்ட, பாக்டீரியா நமக்கு ஊட்டுகிறது. ‘ஊட்டச்சத்தோடு குழம்பும்’ என்ற மறுப்பு வரலாம். அந்தச் சாயல் இருப்பது நல்லதென்றே நினைக்கிறேன்.

சரி, சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். “ஊட்டுநாரிலிருந்து உண்டாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கலந்து, ரத்தக்குழாய்ச் சுவரிலும் சிறுநீரகத்திலும் உள்ள ஏற்பிகளைத் தொடுகின்றன.” (ஏற்பி என்பது செல்லில் வேதிச் செய்தியை வாங்கும் புரதம்.) தடங்கல் இல்லை. வேற்றுமை உருபு ஏற்கிறது, நாவில் உருள்கிறது. ‘நொதித்தலுக்கு உட்படும் நார்ச்சத்திலிருந்து உண்டாகும்’ என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் பாதியிலேயே மூச்சு வாங்கும்.

பொருளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த அமிலங்கள் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. 2013இல் வெளியான எலி ஆய்வில், ஒரு ஏற்பி சிறுநீரகத்தில் ரெனின் என்ற நொதியைச் சுரக்கவைத்து அழுத்தத்தை ஏற்றியது. இன்னொன்று ரத்தக்குழாயைத் தளர்த்தி இறக்கியது. 2017இல் வந்த மற்றோர் எலி ஆய்வில் நார் மிகுந்த உணவும் அசிட்டேட்டும் அழுத்தத்தைக் குறைத்தன. மனிதர்களில் நார்ச்சத்தைக் கூட்டிப் பார்த்த ஆய்வுகளில் சராசரிக் குறைவு சில மில்லிமீட்டர் பாதரசம்தான். எனவே சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் ‘அழுத்தத்தைக் குறைக்கும் நார்’ என்று எழுத வேண்டாம். ‘குடல் பாக்டீரியாக்களுக்கு உணவாகும் நார்’ என்பதே போதும்.

ஆங்கிலத்தில் உணவு நார் (dietary fibre) என்ற சொல் ஹிப்ஸ்லி என்ற ஆய்வாளரின் 1953 கட்டுரையில் பிறந்தது. அந்தக் கட்டுரை கர்ப்பகால நச்சேற்றத்தைப் பற்றியது, அதாவது ரத்த அழுத்தம் ஏறும் ஒரு நோயைப் பற்றியது. சொல் பிறந்த இடத்திலேயே நம் பொருளும் இருந்திருக்கிறது! அப்புறம், அவர்கள் வெறும் நார் என்று நிறுத்திய இடத்தில் தமிழில் ‘சத்து’ சேர்ந்தது எனக்கு மிகவும் பிடிக்கும். சக்கை என்று ஒதுக்கியதை நம் சொல் ஒதுக்கவில்லை.

எதிர்ச்சொல்லாக ‘ஊட்டாநார்’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பயனற்றது என்ற தொனி வந்துவிடும். இசப்கோல் கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவுகிறதே. அங்கே ‘நொதிக்காத நார்’ என்று விரித்தே எழுதலாம். ப்ரீபயாட்டிக்குக்கும், அதாவது நல்ல குடல் நுண்ணுயிர்களைத் தேர்ந்து வளர்த்து நமக்கு நன்மை தரும் உணவுப்பொருளுக்கும், ‘ஊட்டுநார்’ என்ற சொல்லைக் கொடுக்கக் கூடாது. எல்லா ஊட்டுநாரும் ப்ரீபயாட்டிக் ஆகாது. அதற்குத் தனிச்சொல் தேட வேண்டும்.

எழுதும்போது ‘ஊட்டுநார்’ என்று சேர்த்தே எழுதுவோம். பிரித்தால் ‘ஊட்டு’ ஏவல்போல நிற்கிறது.