புதுப்பிப்பு: சிலேன் பூசிய வாசற்படி, ஒரு குளிர்காலத்துக்குப் பின்

டொராண்டோவில் எங்கள் வீட்டு வாசலின் கான்கிரீட் படிகள் செதில் செதிலாக உரிவதாகச் சென்ற ஆண்டு எழுதியிருந்தேன். பழுதுபார்த்த கலவை 28 நாள் இறுகி, நன்கு உலர்ந்த பிறகு, மேலிரண்டு படிகளுக்கு மட்டும் சிலேன் என்ற, கான்கிரீட்டுக்குள் ஊறி நீரை விலக்கும் திரவத்தைப் பூசினேன். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால், நுண்துளைகள் நீரால் நிரம்பிய கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. சிலேனோ துளைகளை அடைக்காமல் அவற்றின் சுவர்களில் நீர் ஒட்டாதபடி செய்வதால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறவும் வழி இருக்கிறது.

ஏப்ரலில் பார்த்தபோது, பூசிய படிகளில் பனிநீர் சேம்பிலைத் தண்ணீராய் உருண்டது. பூசாத கீழ்ப்படியோ கருத்து ஊறி, ஓரத்தில் ஜல்லி தெரியக் கிடந்தது. (பனி உருகத் தூவும் உப்பும் அங்கேதான் அதிகம் விழுகிறது என்பதால், ஒப்பீடு முற்றிலும் நியாயமானதல்ல.) உறையும் நீர் விரிய இடம் தரும் நுண்காற்றுக் குமிழ்கள் இல்லாத பழைய கலவையை எந்தப் பூச்சும் முழுமையாகக் காக்காது என்பதால், அந்தப் படியை உடைத்துப் புதிதாக வார்க்கப் போகிறேன்.