முசிறியில் 0.82: இந்த மாதிரியை நம்பலாமா?

கேள்வி – வெண்ணாற்றுக்கரை

வணக்கம். தஞ்சாவூரில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். மேட்டூருக்குக் கீழே பவானி, நொய்யல், அமராவதி ஆகியவை காவிரியில் சேரும் வடிநிலத்துக்கு ஒரு மழை–ஓட்ட மாதிரி (பெய்த மழையிலிருந்து ஆற்று ஓட்டத்தைக் கணக்கிடும் கணிப்பு முறை) அமைத்து, முசிறியில் மத்திய நீர் ஆணையம் அளந்துள்ள அன்றாட ஓட்டத்தோடு ஒப்பிட்டு வருகிறேன். மேட்டூர்த் திறப்பை உள்ளீடாகக் கொடுத்திருக்கிறேன். 2001–2010 தரவைக் கொண்டு மாறிலிகளைச் சரிசெய்து, 2012–2019 தரவில் சோதித்தபோது கணிப்பு அளவீட்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் நாஷ்–சட்க்ளிஃப் குறியீடு (முழுப் பொருத்தம் என்றால் 1) 0.82 வந்தது. 0.75-ஐத் தாண்டினால் ‘மிக நன்று’ என்று 2007-இல் வெளியான வரையறை சொல்கிறது. ஆனால் 2018 ஆகஸ்டு வெள்ளத்தின் உச்சத்தை மாதிரி கணிசமாகக் குறைத்துக் காட்டுகிறது. இந்த எண்ணை நம்பி ஆய்வேட்டை எழுதலாமா?

பதில் – தலைமடை

முதலில் ஒரு திருத்தம்: அந்த 2007 வரையறை மாத ஓட்டத்துக்கு உரியது; அன்றாட ஓட்டத்துக்கு அதை அப்படியே பொருத்துவது முறையன்று.

அதைவிட முக்கியமானது, 0.82 எதை அளக்கிறது என்பது. நாஷும் சட்க்ளிஃபும் 1970-இல் வகுத்த இந்தக் குறியீடு, உங்கள் மாதிரியின் பிழை வர்க்கங்களை, ‘எல்லா நாளும் சராசரி ஓட்டமே’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவரின் பிழை வர்க்கங்களோடு ஒப்பிடுகிறது; அவருக்குக் கிடைப்பது 0. அணை மூடியிருக்கும் மாதங்களில் மணல் தெரியக் கிடந்து, திறந்தபின் கரை நிறைய ஓடும் காவிரியில் அந்தச் சராசரி எந்த நாளுக்கும் பொருந்தாது. அப்படிப்பட்ட போட்டியாளரை வெல்வது பெரிய காரியமில்லை. மேட்டூர்த் திறப்பை உள்ளீடாகவும் கொடுத்துவிட்டதால், முசிறியில் ஓடும் நீரின் பெரும்பகுதியை நீங்களே மாதிரியின் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

ஆகவே ஒரு சோதனை செய்யுங்கள். மாதிரியை ஒதுக்கிவிட்டு, மேட்டூர்த் திறப்பை மட்டும் இரண்டு மூன்று நாள் தள்ளி வைத்து, அதுவே முசிறி ஓட்டம் என்று கொண்டு அதே குறியீட்டைக் கணக்கிடுங்கள். அதற்கு மேல் கிடைப்பதுதான் உங்கள் மாதிரியின் சொந்தச் சம்பாத்தியம். 2009-இல் வந்த கிளிங்–குப்தா குறியீட்டையும் போடுங்கள். ஒட்டுறவு, ஏற்ற இறக்கத்தின் அளவு, மொத்த நீரின் கூடுதல் குறைவு ஆகிய மூன்றும் தனித்தனியே தெரியும். ஆனால் அதில் வெறும் சராசரிக்குக் கிடைப்பது 0 அன்று, ஏறத்தாழ −0.41.

பதில் – கடைமடை

நான் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி, ‘அளந்த ஓட்டம்’ என்கிறீர்களே, அதையும் சற்றுச் சந்தேகியுங்கள். பெரும்பாலான நாள்களில் அளப்பது நீர்மட்டத்தைத்தான்; கன அடி என்பது மட்டத்திலிருந்து வாய்பாட்டின் வழியே வருவது. முசிறியில் மணல் படுகை மாறினால் வாய்பாடும் மாற வேண்டும். டெல்டாவுக்குள் இது இன்னும் மோசம்: கீழேயுள்ள மதகின் பலகையை இறக்கினாலோ, வெங்காயத்தாமரை கதவில் அடைத்துக்கொண்டாலோ, ஓட்டம் குறைந்திருக்கையில் அளவுகோலில் மட்டம் ஏறி நிற்கும். அதைப் பார்த்து ‘தண்ணீர் கூடுதலாகப் போகிறது’ என்று பதிவேட்டில் எழுதியதை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. 2012 முதல் 2019 வரை ஓராண்டுகூட, பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்படவில்லை. உங்கள் சோதனைக் காலத்தில் வறட்சி ஆண்டுகளும் 2018 வெள்ளமும் ஒன்றாகக் கிடக்கின்றன. பிழையை வர்க்கப்படுத்தும் குறியீட்டில் அந்த வெள்ள நாள்களே கணக்கை ஆளும். 2016 போன்ற ஆண்டின் சிற்றோட்டம் தெரியவே தெரியாது. வறண்ட ஆண்டுகளைப் பிரித்து, ஓட்டத்தின் மடக்கையை எடுத்து, தனியே கணக்கிடுங்கள். கடைமடைக்காரனுக்கு அந்தச் சிற்றோட்டம்தான் பிழைப்பு.

வெண்ணாற்றுக்கரை

இருவருக்கும் நன்றி ஐயா. செய்து பார்த்தேன். திறப்பை மூன்று நாள் தள்ளி வைத்தாலே 0.79 வந்துவிடுகிறது. அதைப் போட்டியாளராகக் கொண்டால், 1-ஐ எட்ட எஞ்சிய 0.21-இல் என் மாதிரி கூட்டியது 0.03; அதாவது அதன் திறன் 0.14 மட்டுமே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் எடுத்தால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கைகொடுக்க வேண்டிய மாதிரி, வெறுமனே நாள் தள்ளியதைவிடப் பின்தங்குகிறது. அமராவதி வடிநிலம் முழுவதற்கும் ஒரே மழைமானியை வைத்திருந்தது கண்ணில் பட்டது. அதைச் சரிசெய்து மீண்டும் ஓட்டுகிறேன்.